சுகுமோகமி: கைவிடப்பட்ட பொருள்களுக்குக் கோபம் வந்தால்

'சுகுமோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் குறும்படம் 14 நிமிடம்தான் ஓடும். 2012இல் ஷுஹெய் மொரிதா இயக்கியது. வெளிநாடுகளில் 'பொசெஷன்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரில் அறியப்படுகிறது. 2014 ஆஸ்கர் விழாவில் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களில் இதுவும் ஒன்று.

கதை சின்னதுதான். 18ஆம் நூற்றாண்டு ஜப்பான். மலைக்காட்டு வழியே தனியாகப் போகும் ஒருவன் புயல் மழையில் வழி தவறிவிடுகிறான். கண்ணில் பட்ட ஒரு சிறு கோயிலுக்குள் ஒதுங்குகிறான். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வேறு ஏதோ உலகத்து அறையாக மாறிவிடுகிறது. கிழிந்த குடைகள் உயிரோடு எழுந்து அவனைச் சூழ்கின்றன. அடுத்த அறையில் பழைய கிமோனோத் துணிகள். அதற்கும் அப்பால், உடைந்த சாமான்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்ட ஒரு பெரும் பூதம். நான் இங்கே முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். எனவே, படத்தைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

இந்தப் படத்தை யாருக்குக் காட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: குடைக்கு என்ன கோபம்? ஜப்பானில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை. சுகுமோகமி என்ற நம்பிக்கை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே படக்கதைகள் வழியாகவும் பொம்மைகள் வழியாகவும் தெரிந்திருக்கும். நமக்கு அதை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

சுகுமோகமி என்றால்

மனிதன் செய்து, மனிதன் நெடுங்காலம் புழங்கிய ஒரு பொருள் தானாகவே உயிரும் மனமும் பெற்று உருமாறினால் அதுதான் சுகுமோகமி. குடை, செருப்பு, கெண்டி, விளக்கு, படுக்கை, இசைக் கருவி என்று எதுவும் அப்படி ஆகலாம். ஜப்பானிய நாட்டுப்புற மரபில் யோகாய் என்று ஒரு பெரிய கூட்டம் உண்டு. ஆற்றில் இருக்கும் குட்டிப் பூதம், உருமாறும் நரி, மலைப்பேய் எல்லாம் அதில் சேரும். சுகுமோகமி அந்தக் கூட்டத்தில் ஒரு கிளை.

புதிதாகத் தெரிந்துகொள்பவர்கள் இதைப் பேய் பிடித்த பொருளோடு குழப்பிக்கொள்வார்கள். செத்துப்போன ஒருவருடைய ஆவி ஒரு பொம்மைக்குள் புகுந்துகொண்டது என்றால் அங்கே பொம்மை வெறும் கூடு. கோபமும் ஆசையும் அந்த மனிதருடையவை. சுகுமோகமியில் அப்படி இல்லை. குடைக்குள் வேறு யாரும் இல்லை, குடைதான் எழுந்து நிற்கிறது. அதன் கோபம் அதன் சொந்தக் கோபம். அதற்கென்று ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது, அந்த வாழ்க்கையில் அதற்கு ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் படத்தில் பாதி புரிந்த மாதிரி.

அப்புறம், இணையத்தில் சுகுமோகமி பற்றித் தேடினால் எல்லாரும் ஒரே வரியைச் சொல்வார்கள்: ஒரு பொருளுக்கு நூறு வயதானால் உயிர் வந்துவிடும். தப்பில்லை, பழைய நூலே அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த நூலை மேற்கொண்டு படித்தால் விஷயம் வயதைப் பற்றியது இல்லை என்று தெரியும்.

பழைய படச்சுருள் சொல்லும் கதை

அந்த நூலின் பெயர் 'சுகுமோகமி கி'. ஜப்பானில் முரோமாச்சி காலம் (1336-1573) என்று சொல்லப்படும் காலகட்டத்தில் உருவான கதை. படமும் எழுத்துமாக நீண்ட சுருளில் வரைந்து வைத்தார்கள். பிற்காலப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன.

நூறு வருடம் கழிந்தால் பொருள்கள் உயிர்பெற்று மனிதர்களை ஏய்க்கும் என்று தொடங்குகிறது கதை. அடுத்த வரியிலேயே, அதனால்தான் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் வசந்தம் பிறப்பதற்குமுன் பழைய சாமான்களை வெளியே தூக்கிப் போடுகிறார்கள் என்கிறது. ஆண்டு முடிவில் வீட்டுக் கூரையிலும் சுவரிலும் படிந்த அடுப்புக்கரியைத் துடைத்து, ஒட்டடை அடித்து வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அதற்கு சுசுஹராய் என்று பெயர். அந்தச் சாக்கில், நூறு நிறைவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே பழைய சாமான்களை வெளியேற்றிவிடுவார்களாம்.

இங்கேதான் அநியாயம். தொண்ணூற்றொன்பது வருடம் உழைத்தாயிற்று, இன்னும் ஒரே வருடம், அதற்குள் தெருவில். கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலம் பத்தாம் நூற்றாண்டின் கோஹோ ஆண்டுகள் (964-968). இடம் தலைநகரான கியோட்டோ. தெருவோரத்தில் கிடக்கும் சாமான்கள் ஒன்றுகூடிப் பேசுகின்றன. இத்தனை காலம் அந்த வீடுகளுக்கு விசுவாசமாக உழைத்தோமே, அதற்குக் கைம்மாறாக ஒன்றும் தராததோடு மாடும் குதிரையும் மிதிக்கும்படி நம்மைத் தெருவில் போட்டுவிட்டார்களே என்று குமுறுகின்றன. பழிவாங்க வேண்டும் என்று முடிவாகிறது.

கூட்டத்தில் ஒரே ஒரு எதிர்ப்புக் குரல். இச்சிரென் என்ற ஜெபமாலை. பகையைப் பகையால் தீர்க்க வேண்டாம், இது நம் வினைப்பயன் என்று எடுத்துச் சொல்கிறது. ஒரு தடிக்கம்புக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜெபமாலையை அடி அடியென்று அடித்து விரட்டிவிடுகிறது. எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. இந்தப் பாத்திரங்களை எழுதியவர் ஒவ்வொரு பொருளின் குணத்தையும் அதன் வேலையிலிருந்தே எடுத்திருக்கிறார். அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கம்பு அடிக்கிறது, பிரார்த்தனைக்கென்று கோர்க்கப்பட்ட மாலை பொறுமை பேசுகிறது. எப்படி உருமாறுவது என்று யோசனை சொல்வது யார் தெரியுமா? பழைய ஏட்டுச்சுருள். படித்தவர் இல்லையா, இரண்டு எதிர் ஆற்றல்கள் சேர்ந்தே உலகம் இயங்குகிறது என்ற யின்-யாங் தத்துவத்தை விளக்கி, பருவம் மாறும் செட்சுபுன் நாளில் நம்மைப் படைப்புத் தெய்வத்திடம் ஒப்படைத்துவிட்டால் புது உருவம் கிடைக்கும் என்கிறது.

அப்படியே நடக்கிறது. சிலவற்றுக்கு மனித உருவம், சிலவற்றுக்குப் பூத உருவம், சிலவற்றுக்கு விலங்கு உருவம். நகருக்கு வடக்கே ஃபுனாஓகா மலைக்குப் பின்னால் குடியேறுகின்றன. நகருக்குள் புகுந்து மனிதர்களையும் மாடுகளையும் தூக்கிக்கொண்டு போய்த் தின்கின்றன. மீதி நேரத்தில் குடி, சூதாட்டம், கவிதை. ஆமாம், உட்கார்ந்து கவிதை புனைகின்றன. தங்களை உருமாற்றிய தெய்வத்துக்குக் கோயில் கட்டித் திருவிழாவும் எடுக்கின்றன. சாமி ஊர்வலம் இரவில் இச்சிஜோ தெரு வழியாகப் போகும்போது அரசப் பிரதிநிதி ஒருவர் எதிரே வந்துவிடுகிறார். அவர் உடலில் தாரணி என்ற பௌத்த மந்திரம் எழுதிய தாயத்து இருந்தது. அதிலிருந்து தீ கிளம்பி விரட்ட, பூதங்கள் சிதறி ஓடுகின்றன. பிறகு துறவிகள் சடங்கு செய்ய, தெய்வச் சிறுவர்கள் வந்து அவற்றை அடக்குகிறார்கள்.

அடக்கியதோடு கதை முடியவில்லை. அந்தச் சாமான்கள் மனம் திருந்தி, தாங்கள் அடித்துத் துரத்திய அதே ஜெபமாலையைத் தேடிப் போகின்றன. அது இப்போது காட்டில் தவம் செய்யும் துறவி. அதனிடம் தீட்சை பெற்று, கடுந்தவம் புரிந்து, கடைசியில் எல்லாமே புத்த நிலையை அடைகின்றன.

எதற்காக இப்படி ஒரு முடிவு என்றால், கதையே ஷிங்கோன் பௌத்தப் பிரிவின் பெருமையைச் சொல்ல எழுதப்பட்டது. உயிரில்லாதது என்று நாம் நினைக்கும் பொருளும் வீடுபேறு அடையும், அதற்கு எங்கள் வழியே சிறந்தது என்பதுதான் செய்தி. ஷிங்கோன் பிரிவை ஜப்பானில் நிறுவியவர் குகாய் என்ற துறவி. 804இல் சீனாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். அந்தப் பிரிவின் குருபரம்பரையில் வஜ்ரபோதி என்று ஒருவர் வருகிறார். அவர் எட்டாம் நூற்றாண்டில் கடல்வழியாகச் சீனா போன தென்னிந்தியர். காஞ்சிப் பல்லவ அரசவையோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. நம் பக்கத்திலிருந்து போன ஒரு மெல்லிய இழை இந்தக் குடைக் கதைக்கு அடியில் ஓடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றிலும் தெய்வம் உண்டு என்ற, ஜப்பானின் பூர்வீக சமயமான ஷிந்தோவின் நம்பிக்கையின் நேரடி விளைவுதான் சுகுமோகமி என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சூழல் பின்னணியில் இருந்திருக்கும். ஆனால் மூலக் கதையில் பேசுவது பௌத்தமும் யின்-யாங் தத்துவமும்தான். முரோமாச்சி காலத்தில் கைத்தொழிலும் சந்தையும் நன்றாக வளர்ந்தன. மனிதர் கையில் பொருள்கள் பெருகின. பொருள் பெருகினால்தான் பழசைத் தூக்கி எறியவும் முடியும். இப்படி ஒரு கதை அந்தக் காலத்தில் எழுதப்பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீணையும் யாழும் நடக்கும் ஓவியங்கள்

கியோட்டோவில் தைதோகுஜி என்ற பெரிய ஜென் பௌத்த மடாலயம் இருக்கிறது. அதன் உட்பிரிவான ஷின்ஜுஆன் கோயிலுக்குச் சொந்தமான 16ஆம் நூற்றாண்டுப் படச்சுருள் ஒன்று மிகப் புகழ்பெற்றது. தோசா மிட்சுனோபு என்ற ஓவியர் வரைந்ததாக மரபாகச் சொல்வார்கள். இரவில் பூதங்கள் ஊர்வலம் போகும் காட்சி. அந்த ஊர்வலத்தில் நிறையப் பேர் வீட்டுச் சாமான்கள். பிவா என்ற வீணை போன்ற நரம்புக் கருவிக்குக் கால் முளைத்திருக்கிறது. அது கயிற்றைப் பிடித்து இழுக்க, பின்னால் கோட்டோ என்ற நீண்ட யாழ் போன்ற கருவி நான்கு காலில் தவழ்ந்து வருகிறது. சுருளின் கடைசியில் பெரிய சிவப்பு உருண்டை ஒன்று தோன்ற, எல்லாம் தலைதெறிக்க ஓடுகின்றன. அது உதிக்கும் சூரியன் என்பார்கள் சிலர், நெருப்புக் கோளம் என்பார்கள் வேறு சிலர்.

எனக்கு இந்த ஓவியத்தில் பயமே வருவதில்லை. அந்தக் கோட்டோவின் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும்.

எடோ காலத்தில் (1603-1868) அச்சுப் புத்தகங்கள் பெருகியதும் சுகுமோகமி கிட்டத்தட்ட விளையாட்டாக மாறியது. தோரியாமா செகியென் என்ற ஓவியர் 1776 முதல் யோகாய்களை வரிசையாக வரைந்து புத்தகங்களாக வெளியிட்டார். 1784இல் வந்த தொகுதியில் சாமான் பூதங்கள்தான் அதிகம். நைந்துபோன மெத்தை எழுந்து நிற்கும், பீங்கான் பாத்திரங்களெல்லாம் சேர்ந்து கவசம் பூண்ட படைத்தலைவராக நிற்கும். பல உருவங்களை அவரே கற்பனையாகச் சேர்த்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒற்றைக் கண், ஒற்றைக் கால், நீட்டிய நாக்கு என்று இன்று எல்லாப் பொம்மைக் கடையிலும் இருக்கும் குடைப் பூதமும் இந்தக் கேளிக்கை உலகில்தான் நிலைபெற்றது. சீட்டுக்கட்டிலும் நாடக மேடையிலும் அதற்குத் தனி இடம். கிராமத்தில் யாராவது அதைக் கண்ணால் பார்த்துப் பயந்ததாகச் சொல்லும் நாட்டுப்புறக் கதைகள் அபூர்வம்.

மொரிதாவின் படத்தில் வரும் குடைகளுக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுப் படங்கள் இருக்கின்றன. ஆனால் அவர் அந்த ஒற்றைக்கால் குடையின் வேடிக்கையோடு நிற்காமல் பழைய சுருளின் குமுறலுக்கே திரும்பிப் போகிறார்.

பெட்டி சுமந்து வரும் மனிதன்

படத்தில் அந்த மனிதனுக்குப் பெயரே கிடையாது. கோய்ச்சி யமாதெரா என்ற புகழ்பெற்ற குரல் நடிகர் பேசியிருக்கிறார், ஆனால் வசனம் மிகக் குறைவு. முரட்டு உடம்பு, கரடுமுரடான முகம். பார்த்தால் வாளை உருவி எல்லாவற்றையும் வெட்டித் தள்ளப்போகிறான் என்று நினைக்கத் தோன்றும்.

குடைகள் அவனைச் சூழும்போது அவன் முதலில் திகைக்கிறான். அப்புறம் அவற்றை உற்றுப் பார்க்கிறான். எல்லாம் ஓட்டை, எல்லாம் கிழிசல். உடனே கருவிப் பெட்டியைத் திறந்து சம்மணமிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிடுகிறான். கிழிந்த காகிதத்தை அகற்றிப் புதுக் காகிதம் ஒட்டுகிறான். ஒன்று முடிந்தால் அடுத்தது. படத்தின் திருப்பம் அவ்வளவுதான். பூதத்துக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்து பழுது பார்க்கிறான்.

அந்தக் காலக் குடை எப்படி இருந்தது என்று தெரிந்தால் இந்தக் காட்சி இன்னும் நன்றாகப் புரியும். நடுவே மூங்கில் காம்பு. அதன் தலையில் மரத்தில் கடைந்த ஒரு குமிழ். அதிலிருந்து முப்பது, நாற்பது என்று மெல்லிய மூங்கில் குச்சிகள் விரியும். அவற்றை நூலால் கோர்த்து, மேலே கையால் செய்த காகிதத்தைப் பசை தடவி ஒட்டி, மழை இறங்காமல் இருக்க எண்ணெய் பூசி வெயிலில் காயவைப்பார்கள். காகிதம் சீக்கிரம் கிழியும். மூங்கில் கூடு நெடுநாள் வரும். அதனால் கிழிந்த குடையைக் குப்பையில் போடுவது எடோ நகரத்தில் (இன்றைய தோக்கியோ) மடத்தனம். பழைய குடை வாங்க என்றே ஆள்கள் தெருத்தெருவாக வருவார்கள். காகிதத்தை உரித்து எடுத்து, அதில் எண்ணெய் ஊறியிருப்பதால் மீனும் மிசோ என்ற சோயா விழுதும் பொட்டலம் கட்ட விற்பார்கள். கூட்டுக்குப் புதுக் காகிதம் ஒட்டி மறுபடியும் குடையாக விற்பார்கள். இந்த ஒட்டும் வேலையைச் செய்தவர்களில் வருமானம் போதாத கீழ்நிலைச் சாமுராய்களும் உண்டு.

துணிக்கும் இதே கதைதான். கிமோனோ நேரான துண்டுகளாக வெட்டித் தைக்கப்படும் உடை. நன்றாகத் துவைக்க வேண்டும் என்றால் தையலைப் பிரித்துத் துண்டுகளாக்கித் துவைத்து, விறைப்பாகக் காயவைத்து, மறுபடியும் தைப்பார்கள். நைந்தால் குழந்தைக்குச் சட்டை. அதுவும் நைந்தால் அணையாடை, பிறகு துடைக்கும் துணி, கடைசியில் அடுப்பில் எரியும். எரிந்த சாம்பலையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போக ஆள் வருவார், உரத்துக்கும் சாயத்துக்கும். உடைந்த பீங்கானை ஒட்டித் தருபவர், ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் வைப்பவர், மெழுகுவத்தி உருகி வழிந்ததை வாங்குபவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொழில்.

படத்தில் கோயிலுக்குள் ஒதுங்குபவன் இந்த உலகத்து ஆள். அவனுக்கு மந்திரம் தெரியாது, தாயத்தும் கிடையாது. கைத்தொழில் தெரியும். பழைய சுருளில் தாரணி மந்திரத்தின் தீயும் தெய்வச் சிறுவர்களும் செய்ததை இங்கே பசையும் நூலும் செய்கின்றன. மொரிதா பழைய கதையில் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சுருளில் பொருள்கள்தான் திருந்த வேண்டியிருந்தது. கொன்றவை, தின்றவை, மன்னிப்புக் கேட்டுத் தவம் செய்தவை எல்லாம் அவைதான். தூக்கி எறிந்த வீட்டுக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் பொருள்கள் எதற்கும் திருந்த வேண்டியதில்லை. அவற்றின் புகார் நியாயமானது. மனிதத் தரப்பிலிருந்து ஒருவன் வந்து கடனைத் தீர்க்கிறான்.

இரண்டாவது அறையில் துணிகளுக்கும் அதையே செய்கிறான். நிறமும் பூவேலையுமாகக் கண்ணைப் பறிக்கும் பகுதி இது. படம் முழுக்கக் கணினியில் முப்பரிமாணத்தில் செய்யப்பட்டது. ஆனால் மேற்பரப்புகளுக்கு ஜப்பானியக் கைக்காகிதத்தின் சொரசொரப்பையும் துணி வேலைப்பாடுகளையும் கொடுத்திருப்பதால் ஒவ்வொரு சட்டகமும் காகிதத்தில் வரைந்து ஒட்டியதுபோல் இருக்கும். ஒரு முறை கதைக்காகப் பார்த்தால், இன்னொரு முறை துணிகளின் வடிவங்களுக்காக மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பழைய பொருளின் அழகை நமக்குக் காட்டினால்தான் அதைக் கைவிட்டதன் வலி உறைக்கும். இந்தத் தொழில்நுட்பத் தேர்வே கதையின் பாதி வாதத்தைச் செய்துவிடுகிறது.

பழுது பார்க்க முடியாதவை

மூன்றாவது கட்டம்தான் படத்தை எனக்கு மறக்க முடியாததாக ஆக்கியது. குடையைச் சரிசெய்யலாம், துணியைத் தைக்கலாம். உடைந்து நொறுங்கி, எது எதுவென்றே தெரியாமல் குப்பையாகிவிட்டதை என்ன செய்வது? அந்தக் குவியல் பெரும் நாகம்போல் எழுந்து நிற்கும்போது அவன் பெட்டியில் இருக்கும் எந்தக் கருவியும் உதவாது. அவன் அதன்முன் கைகூப்புகிறான். நன்றாக உழைத்தாய் என்று அதற்கு மரியாதை செய்கிறான்.

இதை வெறும் உணர்ச்சிகரமான முடிவு என்று எண்ணி நகர்ந்துவிடக் கூடாது. ஜப்பானில் இதற்கென்று உண்மையான சடங்கே இருக்கிறது. உழைத்து ஓய்ந்த பொருளுக்கு நன்றி சொல்லி வழியனுப்பும் இந்தச் சடங்கின் பெயர் குயோ. இறந்த மனிதர்களுக்குச் செய்யும் நினைவுச் சடங்குக்கும் அதே பெயர்தான்.

அதில் மிகவும் அறியப்பட்டது ஹரி குயோ, ஊசிகளுக்கானது. தோக்கியோ வட்டாரத்தில் பிப்ரவரி 8, கியோட்டோ, ஒசாகா பக்கம் பெரும்பாலும் டிசம்பர் 8. தோக்கியோவில் அசகுசாவின் சென்சோஜி கோயில் வளாகத்தில் இருக்கும் அவாஷிமா சன்னதிக்குத் தையல்காரர்களும் கிமோனோ தைக்கக் கற்பவர்களும் வருவார்கள். அந்த வருடத்தில் உடைந்த, வளைந்த ஊசிகளைக் கொண்டுவருவார்கள். அங்கே ஒரு பெரிய தட்டில் தோஃபு வைத்திருக்கும். சோயாவில் செய்த, பனீர் மாதிரி மெத்தென்ற கட்டி அது. ஊசியை அதில் குத்தி நிறுத்திவிட்டுக் கும்பிடுவார்கள். வருடம் முழுக்கக் கெட்டியான துணியைத் துளைத்துத் துளைத்துக் களைத்த ஊசிக்குக் கடைசியாக மெத்தென்ற இடம். அன்றைக்கு ஊசி வேலையும் செய்ய மாட்டார்கள்.

பொம்மைகளுக்கும் எழுதுகோலுக்கும் சமையல் கத்திகளுக்கும் இப்படிச் சடங்குகள் உண்டு. பெண் குழந்தை பிறந்தபோது வாங்கிய பொம்மையை, அவள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, குப்பை வண்டியில் போட மனம் வராதவர்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஒரு துறவி மந்திரம் ஓதி அதை விடைகொடுத்து அனுப்புகிறார். சுகுமோகமிக்குப் பயந்துதான் இப்படிச் செய்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பொம்மைக்குச் செய்வதில் ஒரு சின்னப் பயம் கலந்திருக்கலாம், அதற்கு முகம் இருக்கிறதே. ஊசிக்குச் செய்வதில் பயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கே இருப்பது நன்றி மட்டும்தான்.

ஆக, படத்தின் மூன்று அறைகளையும் இப்படிப் பார்க்கலாம். முதல் இரண்டிலும் எடோ நகரத்தின் பழுது பார்க்கும் பழக்கம் பேசுகிறது. மூன்றாவதில் குயோ பேசுகிறது. சரிசெய்ய முடிந்தால் சரிசெய், முடியாவிட்டால் முறைப்படி வழியனுப்பு. தெருவில் மட்டும் வீசாதே. அறுநூறு வருடத்துக்கு முந்தைய சாமான்கள் ஃபுனாஓகா மலைக்குப் போகுமுன் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். கைம்மாறு கேட்டன, உயிர் கேட்கவில்லை.

மேற்கொண்டு பார்க்க விரும்பினால்

'சுகுமோ' தனிப்படமாக வந்ததோடு 2013இல் வெளியான 'ஷார்ட் பீஸ்' என்ற தொகுப்புப் படத்திலும் ஒரு பகுதி. கட்சுஹிரோ ஓடோமோ உள்ளிட்ட சில இயக்குநர்கள் ஆளுக்கொரு குறும்படம் தந்திருக்கிறார்கள். ஓடோமோவுடையது எடோ நகரத்துத் தீ விபத்தைப் பற்றியது. பழைய படச்சுருளை மெல்ல விரித்துப் பார்ப்பதுபோல் எடுத்திருப்பார். இந்தக் கட்டுரையில் சுருள்களைப் பற்றிப் படித்தவர்கள் அதையும் அவசியம் பார்க்க வேண்டும். தொகுப்பில் பூதமும் வெள்ளைக் கரடியும் மோதும் 'காம்போ' என்ற பகுதி ரத்தம் தெறிக்கும் வகை. குழந்தைகளோடு உட்கார்ந்தால் 'சுகுமோ'வை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள், எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். குடைகள் முதலில் எழும் இடத்தில் சின்னவர்கள் கொஞ்சம் மிரளலாம். அவன் பெட்டியைத் திறந்ததும் சரியாகிவிடும்.

கியோட்டோ போகும் வாய்ப்பு வந்தால் இச்சிஜோ தெருவில் தைஷோகுன் கடைவீதி வரைக்கும் ஒரு நடை போய் வரலாம். பூதங்கள் ஊர்வலம் போனதாகச் சொல்லப்படும் தெரு என்பதால் கடைக்காரர்கள் பழைய சாமான்களை வைத்துத் தாங்களே செய்த யோகாய் உருவங்களை வாசலில் நிறுத்தியிருப்பார்கள். அக்டோபரில் மக்களே பூத வேடம் போட்டு ஊர்வலம் போகும் விழாவும் அங்கே நடக்கிறது.